சாப்பிட உட்காரும்போது அவனுக்குப் பசிக்கிறதா?

கேள்வி: மேடம், நாங்கள் மதுரை ஆனையூரில் இருக்கிறோம். மகனுக்கு ஐந்து வயது, யு.கே.ஜி. படிக்கிறான். எடை 16.5 கிலோ, உயரம் 108 செ.மீ. சாப்பாடு என்றாலே ஓட்டம்தான். காலையில் எழுந்ததும் மால்ட் பவுடரும் சீனியும் போட்டு ஒரு டம்ளர் பால் குடிப்பான். எட்டு மணிக்குச் சீனி தொட்டு அரை தோசை. ஸ்நாக்ஸ் டப்பாவில் நாலு கிரீம் பிஸ்கட். மதியச் சாப்பாடு பாதிக்கு மேல் திரும்பி வந்துவிடும். நாலு மணிக்கு மறுபடி அதே பால். அப்புறம் தாத்தா கடைக்குக் கூட்டிப்போய்ப் பத்து ரூபாய் சிப்ஸ் வாங்கித் தருவார். ராத்திரி செல்போனில் கார்ட்டூன் போட்டு அத்தை (என் மாமியார்) ஒரு மணி நேரம் ஊட்டுவார்கள். சரியாகச் சாப்பிடவில்லையே என்று படுக்கும்போது இன்னொரு டம்ளர் பால். காய் என்றால் உருளைக்கிழங்கு மட்டும்தான். அவன் அப்பாவே வெண்டைக்காயையும் பீர்க்கங்காயையும் தட்டு ஓரத்தில் ஒதுக்குகிறவர். சனிக்கிழமை ராத்திரி பரோட்டா வாங்கி வருவார். "எலும்பும் தோலுமா இருக்கான், நீ கவனிக்கிறதே இல்ல" என்று அத்தை சொல்லும்போது அழுகையே வந்துவிடுகிறது. மெடிக்கலில் பசி டானிக் வாங்கிக் கொடுக்கலாமா? புரோட்டீன் பவுடர் தேவையா? வெயில் காலத்தில் முட்டை கொடுத்தால் சூடு என்கிறார்களே, உண்மையா?

– ஒரு வாசகி, ஆனையூர்

பதில்:

அன்புச் சகோதரி, முதலில் எடையைப் பற்றிப் பேசிவிடுவோம், உங்களை அழ வைப்பது அதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி ஐந்து வயது ஆண் குழந்தையின் நடுத்தர எடை 18.3 கிலோ. 14.1 கிலோவுக்குக் கீழே போனால்தான் எடைக் குறைவு என்று கணக்கு. நடுத்தர உயரம் 110 செ.மீ. உங்கள் மகன் இரண்டிலும் நடுவுக்குக் கொஞ்சம் கீழே, நல்ல இடத்தில்தான் இருக்கிறான். மெலிந்த உடல்வாகு, அவ்வளவுதான்.

அத்தை சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அவர்கள் கண்ணில் இன்னும் அந்த ஒரு வயதுக் கொழுகொழுப்பு நிற்கிறது. மூன்று கிலோவில் பிறக்கிற பிள்ளை ஒரே வருடத்தில் ஒன்பது, பத்து கிலோவுக்கு வந்துவிடும். இரண்டு வயதுக்கு மேல் வருடத்துக்கு இரண்டு கிலோ கூடினாலே சரியான வளர்ச்சி. வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் குறைகிறது. இதை அத்தையிடம் நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள். முடிந்தால் தடுப்பூசி அட்டையிலோ சிறு நோட்டிலோ கடந்த இரண்டு வருட எடையை வரிசையாக எழுதிக் காட்டுங்கள். எடை ஏறிக்கொண்டே வந்திருந்தால் உங்கள் கவனிப்பில் எந்தக் குறையும் இல்லை.

இப்போது நீங்கள் எழுதியிருக்கிற அவனுடைய ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். 200 மில்லி பால், இரண்டு ஸ்பூன் மால்ட் பவுடர், ஒரு ஸ்பூன் சீனி சேர்ந்தால் ஒரு டம்ளருக்கு 220 கலோரி வரும். மூன்று டம்ளருக்கு 660. நாலு கிரீம் பிஸ்கட்டும் சிப்ஸ் பாக்கெட்டும் சேர்ந்து இன்னொரு 300. ஆக, 960 கலோரி சாப்பாடு என்ற பெயரே இல்லாமல் உள்ளே போய்விடுகிறது. நான்கிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குத் தேவை 1,360 கலோரி என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வெளியிட்ட அளவு. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பாலும் பிஸ்கட்டும் சிப்ஸும் எடுத்துக்கொண்டன. அரை தோசையும் இரண்டு கரண்டிச் சோறும் போனால் மீதி முடிந்தது. அதற்கு மேல் நீங்கள் ஊட்டுகிற ஒவ்வொரு வாயும் பசியே இல்லாத பிள்ளைக்கு ஊட்டுகிற வாய்தான். அவனுக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். சாப்பிட உட்காரும் நேரத்தில் அவனுக்குப் பசி இருப்பதில்லை என்பதுதான் எனக்குப் புரிகிறது.

அதனால் மாற்றத்தைத் தட்டில் தொடங்காதீர்கள். சாப்பாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே உள்ள நேரத்தில் தொடங்குங்கள்.

முதல் வேலை, படுக்கும்போது கொடுக்கிற பாலை நிறுத்துவது. ராத்திரிச் சோற்றைத் தள்ளினால் பின்னாலேயே இனிப்பான பால் வரும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். அந்த உறுதி இருக்கிற வரை சோற்றுக்கு மதிப்பில்லை. மற்ற இரண்டு டம்ளரையும் 150 மில்லியாகக் குறையுங்கள். அதோடு ஒரு சிறு கிண்ணம் தயிர் சேர்ந்தால் சுண்ணாம்புச் சத்துக்குக் கவலை இல்லை. பால் நல்லதுதானே என்று கேட்பீர்கள். நல்லதுதான், ஆனால் பாலில் இரும்புச் சத்து கிட்டத்தட்ட இல்லை, மற்ற உணவிலிருந்து இரும்புச் சத்து உடலில் சேர்வதையும் அது குறைக்கும். அளவுக்கு மேல் பால் குடிக்கிற பிள்ளைகளுக்கு மலச்சிக்கலும் வரும். வயிறு சரியாகப் போகாத பிள்ளைக்குப் பசி எங்கிருந்து வரும்? அவன் தினமும் சிரமமில்லாமல் போகிறானா என்று கவனித்துப் பாருங்கள். கடிதத்தில் நீங்கள் அதைப் பற்றி எழுதவில்லை.

உண்மையில் எனக்கு அவன் எடையைவிட இரும்புச் சத்தைப் பற்றித்தான் கவலை. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. வசதியான வீட்டுப் பிள்ளைகளும் இதற்கு விலக்கில்லை. பால், பிஸ்கட், வெள்ளைச் சோறு என்றே வளர்கிற பிள்ளைக்கு ரத்தம் ஊற வழி குறைவு. ரத்தம் குறைந்தாலும் பசி மந்திக்கும். ஒரு முறை ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள், எளிய பரிசோதனைதான். அவன் வயதுக்கு 11.5-க்குக் கீழே இருந்தால் டாக்டர் இரும்புச் சத்து மருந்து எழுதித் தருவார். குடற்புழு மாத்திரை கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்றும் யோசித்துப் பாருங்கள். பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் வருடத்துக்கு இரண்டு முறை இலவசமாகவே கொடுக்கிறார்கள்.

மால்ட் பவுடர் தேவையே இல்லை. இந்த வகைப் பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற தலைப்பின் கீழ் விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகமே ஆன்லைன் நிறுவனங்களுக்குச் சொன்னது. டப்பாவின் பின்னால் சர்க்கரை எவ்வளவு என்று போட்டிருப்பார்கள், ஒரு முறை படித்துப் பாருங்கள். ஒரே நாளில் நிறுத்தினால் அவன் பாலையே தொடமாட்டான். இரண்டு ஸ்பூனை ஒன்றரையாக்கி, ஒன்றாக்கி, ஒரு மாதத்தில் வெறும் பாலுக்கு வந்துவிடலாம். அதற்குப் பதிலாகக் கருப்பட்டியைக் கரைத்து ஊற்றுவதும் வேண்டாம். கருப்பட்டியும் இனிப்புதான், பணியாரத்தில் அளவாக இருந்துவிட்டுப் போகட்டும்.

சரி, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வருவோம். உங்கள் வீட்டில் பெரிய போராட்டம் அங்கேதான் நடக்கிறது.

ஏழரை மணிக்கு எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள். டிவி, செல்போன் எதுவும் வேண்டாம், பெரியவர்கள் கையிலும்தான். அவனுக்கென்று ஒரு சின்னத் தட்டு. அதில் ஒரு சிறு கரண்டிச் சோறும் பருப்பும், பக்கத்தில் கொஞ்சம் தயிர்ச்சோறு. அன்றைக்கு வீட்டில் என்ன வெஞ்சனமோ அதில் ஒரே ஒரு ஸ்பூன். பெரியவர்கள் கண்ணுக்கு அது காக்காய்க்கு வைத்த மாதிரிதான் தெரியும், பரவாயில்லை. குவித்து வைத்த தட்டைப் பார்த்ததுமே சின்னப் பிள்ளைக்கு மலைப்பு வந்துவிடும். தீர்ந்த பிறகு அவனே "இன்னும் வேணும்" என்று கேட்கட்டும். தட்டில் அவனுக்குப் பிடித்தது ஒன்று எப்போதும் இருக்கவேண்டும், உங்கள் மகனுக்கு அது தயிர்ச்சோறாக இருக்கலாம். அப்போது அவன் பட்டினியாகப் படுத்தான் என்ற பேச்சு வராது.

அவன் கையாலேயே பிசைந்து சாப்பிடட்டும். கீழே சிந்தும், சட்டையில் அப்பும், கீழே ஒரு பழைய துணியை விரித்துவிடுங்கள். அரை மணி நேரம் ஆனதும், தட்டில் மிச்சம் இருந்தாலும், திட்டாமல் கெஞ்சாமல் எடுத்துவிடுங்கள். "போதுமாடா? சரி, கை கழுவிட்டு வா." அவ்வளவுதான் பேச்சு. எட்டரை மணிக்கு வந்து பிஸ்கட் கேட்பான், நிச்சயம் கேட்பான். "இனிமே காலையிலதான்" என்று கோபம் இல்லாமல் சொல்லித் தண்ணீர் கொடுங்கள். நல்ல ஆரோக்கியமாக ஓடியாடுகிற ஐந்து வயதுப் பிள்ளை ஒரு ராத்திரி குறைவாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. மறுநாள் காலையில் அந்த அரை தோசை ஒன்றரை தோசையாக மாறும்.

என்ன உணவு, எந்த நேரம், எந்த இடம் என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யவேண்டும், எவ்வளவு என்பதைப் பிள்ளை முடிவு செய்யவேண்டும். எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் வகுத்துச் சொன்ன முறை இது. உங்கள் வீட்டில் இது தலைகீழாக இருக்கிறது. என்ன வேண்டும் என்பதை அவன் முடிவு செய்கிறான், எத்தனை வாய் என்பதை நீங்கள் எண்ணுகிறீர்கள். செல்போன் பார்த்துக்கொண்டே விழுங்குகிற பிள்ளைக்கு வயிறு நிறைந்ததும் தெரியாது, என்ன ருசி என்றும் தெரியாது.

அத்தையிடம் இதை எப்படிச் சொல்வது என்று நீங்கள் தயங்குவது எனக்குத் தெரிகிறது. ஊட்டுகிற வேலையை அவர்களிடமிருந்து பிடுங்கிவிட்டதாக ஆகிவிடக் கூடாது. பேரன் மேல் உள்ள பாசத்தில்தானே ஒரு மணி நேரம் உட்கார்கிறார்கள்? அந்தப் பாசத்துக்கு வேறு வேலை கொடுங்கள். சாப்பிடும்போது கார்ட்டூன் இடத்தில் அப்பத்தா இருக்கட்டும், அவர்கள் சின்ன வயதில் கண்மாயில் குளித்த கதையையோ சித்திரைத் திருவிழாவுக்கு மாட்டுவண்டி கட்டி வந்த கதையையோ சொல்லட்டும். சாயங்காலத் தீனியையும் அவர்கள் பொறுப்பிலேயே விட்டுவிடுங்கள். தட்டைப்பயறு சுண்டல், அவித்த மொச்சை, சீனிக்கிழங்கு, கேப்பைப் புட்டு, கம்பு மாவு உருண்டை எல்லாம் அவர்கள் கைக்குத் தெரிந்தவைதான். கேப்பையில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, கம்பில் இரும்புச் சத்து அதிகம். தாத்தாவும் பேரனைக் கடைக்குக் கூட்டிப்போகட்டும், அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்கவேண்டாம். பத்து ரூபாய்க்குச் சிப்ஸுக்குப் பதிலாகக் கொய்யாவோ வாழைப்பழமோ கடலை மிட்டாயோ வாங்கலாம். வீட்டில் ஐந்து வயதுக்குள் இன்னொரு குழந்தை இருந்தால் முழுக்கடலை மட்டும் கையில் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். இந்தத் தீனி நாலரை மணிக்குள் முடிந்தால்தான் ஏழரைக்குப் பசிக்கும்.

அடுத்த பத்தியை உங்கள் கணவரிடம் வாசிக்கக் கொடுங்கள்.

தம்பி, உங்கள் மகன் வெண்டைக்காய் சாப்பிடாததற்கு முதல் காரணம் நீங்கள்தான். உங்கள் தட்டின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கிற வெண்டைக்காயை அவன் தினமும் பார்க்கிறான். அப்பா ஒதுக்குவதை மகன் சாப்பிடமாட்டான். இது குற்றச்சாட்டு என்று நினைக்கவேண்டாம், வீட்டில் யார் நினைத்தாலும் முடியாத ஒன்று உங்களால் முடியும் என்பதால் சொல்கிறேன். அவன் முன்னால் ஒரு ஸ்பூன் போட்டுக்கொண்டு, அதைப் பற்றி ஒன்றும் பேசாமல், சாதாரணமாகச் சாப்பிடுங்கள். "பாரு, அப்பா சாப்பிடுறேன், நீயும் சாப்பிடு" என்ற வசனம் வேண்டாம். உங்களுக்குப் பீர்க்கங்காய்க் கூட்டு பிடிக்காவிட்டால் பீர்க்கங்காய்த் துவையல் பிடிக்கிறதா என்று பாருங்கள், பிடித்த பக்குவத்தைக் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

காய்கறி விஷயத்தில் அவசரம் கூடாது, சகோதரி. இரண்டிலிருந்து ஆறு வயது வரை புதிய உணவைக் கண்டாலே ஒதுங்குவது பிள்ளைகளின் இயல்பு. ஒரே காயைப் பத்து, பதினைந்து தடவை பார்த்து, தொட்டு, முகர்ந்து, நாக்கில் வைத்துத் துப்பிய பிறகுதான் பல பிள்ளைகள் விழுங்குவார்கள். பெரும்பாலான வீடுகளில் மூன்றாம் தடவையே "இவனுக்கு இது பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அதைப் பிள்ளை காதுபடச் சொல்வது இன்னும் மோசம், தனக்குப் பிடிக்காது என்று அவனே நம்பிவிடுவான். காயை அரைத்து மாவில் ஒளித்துக் கொடுப்பதை நான் பெரிதாக ஆதரிப்பதில்லை. சத்து போகும், ஆனால் காய் என்னவோ அவனுக்கு அந்நியமாகவே இருக்கும். ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டால் தோசையையும் சந்தேகப்படுவான்.

அதைவிட அவனைக் காயோடு பழக விடுங்கள். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999-ல் திறந்தது நம் மதுரை அண்ணா நகரில்தான், உங்கள் ஆனையூரிலேயே இப்போது ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் கையில் ஒரு சின்னப் பை கொடுத்துக் கூட்டிப்போங்கள். "உனக்குப் பிடிச்ச ஒரு காயை நீயே எடு" என்று விட்டுவிடுங்கள். வெண்டைக்காயின் நுனியை எப்படி ஒடித்துப் பார்ப்பது என்று சந்தையில் யாராவது சொல்லிக் கொடுப்பார்கள், பட்டென்று ஒடிகிற சத்தம் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். பத்து காய் ஒடிப்பதற்குள் ஒன்றைப் பச்சையாகவே கடித்துப் பார்த்துவிடுவான். வீட்டுக்கு வந்து மொச்சை உரிக்கச் சொல்லுங்கள், முருங்கைக்கீரை உருவச் சொல்லுங்கள். தான் உரித்த மொச்சை குழம்பில் கிடந்தால் தேடித் தின்பான். உருளைக்கிழங்கு பிடிக்கும் என்றீர்களே, அதே தாளிப்பில், அதே வடிவத்தில் சேனையையும் கேரட்டையும் நறுக்கி, உருளையோடு நாலு துண்டு கலந்து வறுங்கள். அங்கிருந்து மெதுவாக நகரலாம்.

கூட்டமாகச் சாப்பிடுவதற்கு ஒரு தனிச் சக்தி இருக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரை நெல்பேட்டையில் உள்ள ஒரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் தொடங்கியது. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறி சாம்பார் என்று போடுகிறார்கள். வீட்டில் உப்புமா என்றால் முகம் சுளிக்கிற பிள்ளை பள்ளியில் வரிசையில் உட்கார்ந்து வழித்துச் சாப்பிடுகிறது என்று ஆச்சரியப்படுகிற தாய்மார்களை நான் நிறையப் பார்க்கிறேன். பக்கத்துப் பிள்ளை சாப்பிடுகிறதே! விடுமுறை நாளில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையோ உங்கள் நாத்தனார் பிள்ளைகளையோ கூப்பிட்டு, எல்லோருக்கும் ஒரே இடத்தில் இலை போட்டுப் பாருங்கள்.

மதிய டப்பாவில் அளவைப் பாதியாக்குங்கள். ஆறிப்போனாலும் நன்றாக இருக்கிற எலுமிச்சைச் சோறு, தக்காளிச் சோறு, சின்னச் சின்னக் கீரை ஊத்தப்பம் போதும். பிஸ்கட் டப்பாவில் பழத்துண்டு. எலுமிச்சை, கொய்யா, நெல்லிக்காய் போல வைட்டமின் சி உள்ள ஒன்று சாப்பாட்டோடு சேர்ந்தால் கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச் சத்து நன்றாகச் சேரும்.

புரோட்டீன் பவுடருக்கு அவசியமே இல்லை. அவன் வயதுக்கு ஒரு நாளைக்கு 16 கிராம் புரதம் போதும். ஒரு முட்டையில் ஆறு கிராம், ஒரு டம்ளர் பாலில் ஆறு கிராம், ஒரு கரண்டிப் பருப்பில் நாலு கிராம், அதிலேயே கணக்கு முடிந்தது. இட்லி, சோறு, சுண்டலில் வருவதெல்லாம் அதற்கு மேல். வாரம் ஒரு நாள் மீன் கொடுங்கள். அயிரைக் குழம்பு உங்கள் வீட்டில் உண்டு என்றால் காரத்தைக் குறைத்து அவனுக்கும் ஊற்றுங்கள்.

பசி டானிக்கை மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். அந்த சிரப்புகள் பலவற்றில் இருப்பது சைப்ரோஹெப்டடின் என்ற ஒவ்வாமை மருந்து. அதன் பக்க விளைவாகப் பசி எடுக்கும், கூடவே தூக்கமும் வரும். வகுப்பில் பிள்ளை சொக்கி விழுவான், மருந்தை நிறுத்தியதும் பசி பழையபடி ஆகிவிடும். டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்தால் மட்டுமே கொடுக்கவேண்டிய மருந்து அது.

எடை ஏறாமல் நின்றாலோ இறங்கினாலோ, நாக்கும் கண்ணின் உள்பக்கமும் வெளுத்திருந்தாலோ, மண், சாம்பல், பச்சரிசி தின்றாலோ, விழுங்கும்போது வலி என்றாலோ, அடிக்கடி வாந்தி, பேதி இருந்தாலோ என் யோசனைகளுக்காகக் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ராஜாஜி அரசு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு இருக்கிறது. நாலைந்து உணவுக்கு மேல் எதையுமே வாயில் வைக்காமல், குழைவானதோ மொறுமொறுப்பானதோ பட்டாலே ஓங்கரித்து, பேச்சும் பழக்கமும் வயதுக்குப் பின்தங்கி இருந்தால், அதைப் பிடிவாதம் என்று எண்ணி அடிக்கக் கூடாது. அதற்குத் தனிப் பயிற்சி தேவைப்படும்.

சனிக்கிழமை பரோட்டாவை நிறுத்தச் சொல்லமாட்டேன். மதுரையில் பிறந்த பிள்ளை சால்னா வாசம் தெரியாமல் வளரமுடியுமா? அவனுக்கு ஒன்று போதும். கூடவே ஒரு முட்டையும் வெங்காயம், வெள்ளரிக்காய்த் துண்டுகளும் இருக்கட்டும். 'வாரமெல்லாம் ஒழுங்கா சாப்பிட்டாத்தான் பரோட்டா' என்று அதைப் பரிசாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். அப்படிச் சொன்னால் பரோட்டா உயர்ந்தது, சோறும் கீரையும் தண்டனை என்று அவன் மனதில் பதிந்துவிடும்.

கடைசியாக முட்டை. வெயில் காலத்திலும் தினம் ஒன்று தாராளமாகக் கொடுக்கலாம், மஞ்சள் கருவோடு. முட்டையால் உடல் சூடாவதில்லை. சித்திரை, வைகாசி வெயிலில் ஓடியாடுகிற பிள்ளை தண்ணீர் போதாமல்தான் சூடு பிடித்து அவதிப்படுகிறது, அடிக்கடி தண்ணீரும் மோரும் கொடுங்கள். ஆனால் முட்டை நன்றாக வெந்திருக்கவேண்டும். பரோட்டாக் கடையில் அப்பா கேட்டு வாங்குகிற கலக்கியும் ஆஃப்பாயிலும் இந்த வயதில் அவனுக்கு வேண்டாம், அரைவேக்காட்டு முட்டையில் கிருமி இருந்தால் சின்ன வயிறு தாங்காது. அவித்தோ, சின்ன வெங்காயம் போட்டுப் பொரித்தோ கொடுங்கள்.